துருத்தியால் பறந்த நீலப்பெட்டி

ஹார்மோனியத்தின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்த வாசகர்கள் நம்மிடையே சிலரேனும் இருப்பர். மடிப்பு மடிப்பாய் ஒரு துருத்தி. அதன் விளிம்புகளில் ஒட்டிய தோல். காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு அடைப்பிதழ்கள். தோலில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் சுருதி தளர்ந்துவிடும். கொல்லனின் உலைத்துருத்தியைச் சங்கப் புலவர்கள் உவமையாய் எடுத்தாண்ட காலந்தொட்டு நம்மவர்க்குப் பழக்கமான பொருள்தான். இதே துருத்தியைக் கொண்டு, தரையை விட்டு ஒரு சாணும் எழாத விமானம் ஒன்றை ஒருவர் கட்டினார் என்பதும், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஐந்து இலட்சம் வான்படையினர் அதில் அமர்ந்து பயின்றனர் என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்படாத செய்திகள். இம்முறை அந்த வரலாற்றைச் சொல்ல விழைகிறோம். அதைக் கட்டியவரைப் பற்றி மட்டுமன்று. அதைப் பழுது நீக்கிப் பேணியவர்களைப் பற்றியும்.

எட்வின் லிங்க் 1904இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில், நொடித்துப்போன இசைக்கருவி நிறுவனம் ஒன்றை வாங்கி, பியானோக்களும் திரையரங்குகளுக்கான ஆர்கன்களும் செய்யும் தொழிற்சாலையாக வளர்த்தார். மகனுக்கு அங்கே கிடைத்த கல்வி துருத்தியும் அடைப்பிதழும்தான். அக்காலத்துத் தானியங்கிப் பியானோ காற்றை ஊதி இயங்குவதில்லை, உறிஞ்சி இயங்குவது. துளையிட்ட காகிதச் சுருள் நகர, துளை வந்த இடத்தில் காற்று நுழைய, அதற்குரிய சிறு துருத்தி சுருங்கிச் சுத்தியலைத் தந்தியின்மேல் தட்டும். ஒரு சிறு துளை பெரிய அசைவொன்றை ஏவும் இந்த உத்தி லிங்கின் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும்.

அவர் பறக்கவும் ஆசைப்பட்டார். 1920இல் எடுத்துக்கொண்ட முதற் பாடத்துக்கு ஐம்பது டாலர் கட்டணம். ஆசிரியர் தலைகீழாகவும் சுழன்றும் வித்தை காட்டி இறக்கினாரே தவிர, மாணவரைக் கட்டுப்பாட்டுத் தண்டில் கைவைக்கவே விடவில்லை. (அந்த ஆசிரியர் சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின் என்பது சுவையான துணைச்செய்தி.) பறக்கக் கற்பதற்கு இதைவிட மலிவானதும் நேர்மையானதுமான வழி இருக்க வேண்டாமா என்று லிங்க் எண்ணியது நியாயமே. 1927 தொடங்கித் தொழிற்சாலையின் நிலவறையில், ஆர்கன் உதிரிகளைக் கொண்டே ஒரு கருவியைக் கட்டலானார்.

குட்டை இறக்கைகள் பூட்டிய ஒரு சிறு மரப்பெட்டி. உள்ளே ஓர் இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, மிதிகட்டைகள். பெட்டி எப்பக்கமும் சாயவல்ல ஒரு மூட்டின்மேல் நிற்கும்; அதனடியில் முன்னும் பின்னும் இருபுறமுமாய் நான்கு துருத்திகள். மின்னோடியால் சுழலும் உறிஞ்சு கருவி இடையறாது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். தண்டை வலப்புறம் சாய்த்தால் வலத்துருத்திக்கு உறிஞ்சல் கிட்டி அது சுருங்கும். இடத்துருத்தி காற்றை ஏற்று விரியும். பெட்டி வலப்புறம் சாயும். பெட்டியை வட்டமாய்த் திருப்புவதற்குத் தனியே ஒரு காற்றோடி. பின்னாளைய வடிவங்களில் அதற்குப் பத்துத் துருத்திகளும் இரண்டு வளைதண்டுகளும் இருந்தன. தானியங்கிப் பியானோவின் காகிதச் சுருளை நகர்த்திய ஓடியின் நேர் வாரிசு அது.

இதற்கு முன்பும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1910ஐ ஒட்டி பிரான்சின் அந்துவானெத் நிறுவனம் பாதிப் பீப்பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மாணவரை மேலே அமர்த்தி, ஆட்களைக் கொண்டு ஆட்டிப் பயிற்றுவித்தது. ஆனால் மாணவரின் கையசைவுக்குத் தானே விடை சொல்லும் பொறி என்ற வகையில் முதலிடம் லிங்குக்கே உரியது என்பது நம் கருத்து.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931இல் கிட்டியது. காப்புரிமையின் தலைப்பே அன்றைய நிலையைச் சொல்லிவிடுகிறது: மாணவ விமானிகளுக்கான பயிற்சிக் கருவி என்பதோடு, கேளிக்கைச் சாதனம் என்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. வான்படை திரும்பிப் பார்க்கவில்லை. பொருளாதார மந்தம் ஒருபுறம். பேசும்படம் வந்து ஆர்கன் தொழிலை விழுங்கியது மறுபுறம். கருவியைக் கேளிக்கைப் பூங்காக்களுக்கு விற்றுத்தான் லிங்க் காலந்தள்ளினார்.

பிறகு வந்தது 1934. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், தனியார் நிறுவனங்களுடனான வான்வழித் தபால் ஒப்பந்தங்களை முறைகேட்டுப் புகாரின்பேரில் பிப்ரவரி 9ஆம் நாள் இரத்து செய்தார். பத்தே நாளில் தபால் பைகள் இராணுவ விமானிகளின் பொறுப்பாயின. கடுங்குளிர்காலம், இரவுப் பயணம், பனிமூட்டம். அவ்விமானிகள் பகலில், தரையைப் பார்த்துப் பறந்து பழகியவர்கள். சேவை தொடங்கு முன்பே, வழித்தடத்தைப் பழகப் போனவர்களில் மூவர் மாண்டனர். அந்தச் சில மாதங்களுக்குள் மாண்டோர் 12 பேருக்குக் குறையாது.

இச்சாவுகளின் காரணத்தைச் சற்று நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். மேகத்துள் நுழைந்த விமானிக்குத் தொடுவானம் மறைந்துவிடுகிறது. சாய்வை உணர்த்துவது உட்செவியின் நீர்மம். விமானம் மெல்லச் சாய்ந்து, அதே வளைவில் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தால், அந்நீர்மம் அமைதியடைந்து, 'நேராகத்தான் போகிறாய்' என்று பொய் சொல்லும். நேராக்கினாலோ 'மறுபுறம் சாய்கிறாய்' என்று அடுத்த பொய். உடலை நம்பியவர் சுழன்று தரையில் மோதுவார். முன்னிருக்கும் முட்களை நம்பியவர் பிழைப்பார். மேகத்துள் சென்று இதைக் கற்பது உயிரைப் பணயம் வைப்பது. மூடிய பெட்டிக்குள் அமர்ந்து கற்றால் தவறு செய்யலாம். செய்தபின் எழுந்து தேநீர் அருந்தப் போகலாம்.

அவ்வாண்டு நியூவர்க் வான்தளத்தில் தம்மைச் சந்திக்கக் காத்திருந்த இராணுவ அதிகாரிகளிடம் லிங்க் வந்த விதமே அவருடைய வாதமாயிற்று. பறக்கவே இயலாது என்று அவர்கள் முடிவு கட்டியிருந்த மூடுபனியினூடே, முட்களை மட்டும் நம்பித் தம் விமானத்தை ஓட்டிவந்து இறங்கினார். ஆறு கருவிகள், ஒன்று 3,500 டாலர் வீதம், வாங்கப்பட்டன. ஜப்பானியக் கடற்படை உள்ளிட்ட பிறநாட்டுப் படைகளும் போருக்கு முன்பே வாங்கின. பின்னாளில் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தியவர்களில் பலர் ஒரே தொழிற்சாலையின் பெட்டிகளில் பாடம் கேட்டிருப்பார்கள்!

போர்க்காலத்தில் பிங்ஹாம்டனிலும் கனடாவின் கனனோக்வே ஊரிலுமாக 10,000க்கும் மேற்பட்ட கருவிகள் வெளிவந்தன. நீல வண்ணம் பூசப்பட்டிருந்தமையால் படையினர் அதனை 'நீலப்பெட்டி' என்றனர். வெளியே ஆசிரியருக்கு ஒரு மேசை; அதன் கண்ணாடிப் பரப்பில் வரைபடம்; அதன்மேல் 'நண்டு' எனப்பட்ட மூன்று சக்கர ஊர்தி மாணவர் பறந்த பாதையை மையால் கீறிச் செல்லும். மாணவர் தாம் சரியாகவே வந்ததாகச் சாதித்தாலும் நண்டு பொய் சொல்வதில்லை. அமெரிக்கக் கடற்படையில் ஆசிரியராய் அமர்ந்தோரில் பெரும் எண்ணிக்கையினர் மகளிர். அட்லாண்டா தளத்தில் அவர்களுக்கெனப் பயிற்சி நடந்தது. தாம் விமானம் ஓட்ட அனுமதிக்கப்படாத பெண்கள், போருக்குப் போகும் ஆண்களுக்குக் கண்கட்டிப் பறக்கக் கற்பித்தனர்.

இனி நாம் சொல்ல வந்த பகுதி. நண்டு பொய் சொல்லாது என்றோம். துருத்தி கசிந்தால் நண்டும் பொய் சொல்லும். வலத்துருத்தியில் மெல்லிய கசிவு இருந்தால் பெட்டி தானாகவே ஒரு புறம் இழுக்கும். மாணவர் அதை ஈடுகட்டத் தண்டை இலேசாகச் சாய்த்தே வைத்துப் பழகுவார். இருபது மணி நேரப் பயிற்சியில் கைக்கு ஏறிய அப்பழக்கம் உண்மை விமானத்தில், உண்மை மேகத்தில் வெளிப்படும். பழுதான பயிற்சிக் கருவி பயனற்றதன்று, தீங்கானது. கருவி இல்லாதவர் அறியாதவர். பிழைபட்ட கருவியில் பயின்றவரோ தவறாக அறிந்தவர். ஆகையால் கருவியறையில், மாணவர் வருமுன்பே, கையில் திருப்புளியும் கைவிளக்குமாய் ஒருவர் இருந்தாக வேண்டும். துருத்தியின் மடிப்புகளைத் தடவிப் பார்ப்பதும், அடைப்பிதழ்களின் தூசியைத் துடைப்பதும், சுழலும் பெட்டிக்குள் மின்சாரத்தைக் கடத்தும் வளையங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும், முள் காட்டும் திருப்பு வேகமும் பெட்டி மெய்யாகத் திரும்பும் வேகமும் ஒத்துவருகின்றனவா என்று கடிகாரம் வைத்துச் சரிபார்ப்பதும் அவர் வேலை. நாதசுரத்துக்குச் சீவாளி சீர்செய்பவரைக் கச்சேரி அழைப்பிதழில் போடும் வழக்கம் நம்மிடமும் இல்லையே.

இசைக்கருவிக்கும் இப்பொறிக்கும் உள்ள உறவு தற்செயலோ என்று ஐயுறுவோர் இங்கிலாந்தையும் பார்க்கலாம். அங்கே சில்லோத் வான்தளத்தில், ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் குழு முழுவதற்குமான பயிற்சிப் பொறியை அமைத்தவர் கார்டன் ஐல்ஸ். அவரும் தானியங்கிப் பியானோத் தொழிலிலிருந்து வந்தவரே! எஞ்சின், மின்சாரம், நீர்ம அழுத்தம் ஆகிய அனைத்தின் நடத்தையும் அப்பொறியில் காற்றாலேயே கணக்கிடப்பட்டது. ஆசிரியர் தம் பலகையிலிருந்து செயற்கைப் பழுதுகளைப் புகுத்துவார். அங்கே பராமரிப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள்: ஆசிரியர் வேண்டுமென்றே புகுத்திய பழுது எது, துருத்தி தானே கண்ட பழுது எது என்று பிரித்தறிய வேண்டும்.

லிங்க் நிறுவனம் 1941இல் உருவாக்கிய விண்மீன் வழிகாட்டல் பயிற்சிப் பொறி இன்னும் பெரியது. அட்லாண்டிக்கைக் கடந்து விமானங்களைக் கொண்டுசெல்வோருக்கும் இரவில் குண்டுவீசச் செல்வோருக்குமாகப் பிரித்தானியர் 1939இல் கேட்டது. வழிகாட்டல் வல்லுநர் வீம்ஸ் துணைநின்றார். 45 அடி உயரக் குதிர் போன்ற கட்டடம். மேலே விண்மீன்களாய் விளக்குகள் பதித்த குவிமாடம். அது நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நகரும். அதில் இடம் பிசகிய ஒரு விண்மீன், கடலுக்கு மேல் ஒரு குழு முழுவதையும் திசைதப்ப வைக்கப் போதுமானது.

காற்றின் ஆட்சி போரோடு ஏறத்தாழ முடிந்தது. மின்னணுக் கணிப்பு வந்தது. 1944இல் அமெரிக்கக் கடற்படை எம்.ஐ.டி.யிடம் எந்த விமானத்தையும் போலச் செய்யவல்ல ஒரே பொறியைக் கேட்டது. ஜே ஃபாரஸ்டர் தலைமையில் அத்திட்டம் தடம் மாறி, விமானி அறையையே கைவிட்டு, 1951இல் 'வேர்ல்விண்ட்' என்னும் இலக்கக் கணினியாய் இயங்கத் தொடங்கியது. கணினி வரலாற்றில் அதன் காந்த வளைய நினைவகம் புகழ்பெற்றது. நம் பொருளுக்கு அதைவிட முக்கியமானது வேறொன்று. ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழல்களில் எது எப்போது அணையும் என்று தெரியாத நிலையில், மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும், நலிந்த குழலைப் பணி நேரத்துக்கு முன்பே விழச் செய்து மாற்றும் முறையை அங்கே வகுத்தனர். துருத்தியின் மடிப்பைத் தடவிப் பார்த்த அதே கைதான் அது.

பிற்காலத்தில் ஆறு நீர்ம அழுத்தக் கால்களின்மேல் நின்ற சிமுலேட்டர்கள் வந்தன. அவற்றுக்கு எண்ணெய்க் கசிவு நோக்குவோர், திரையொளி சீர்செய்வோர், மென்பொருள் திருத்துவோர் எனத் தனித்தனிக் குழுக்கள் தோன்றின. விமானத்தில் ஒரு கருவி மாற்றப்பட்டால் சிமுலேட்டரிலும் மாற்ற வேண்டும். இடையில் கழியும் மாதங்களில் விமானி ஒன்றில் பயின்று மற்றொன்றில் பறப்பார். தலைவலி புதிதன்று.

லிங்க் பிற்காலத்தில் கடலடி ஆய்வில் ஈடுபட்டார். 1973இல், அவர் வடிவமைத்த நீர்மூழ்கி ஃபுளோரிடாவை அடுத்த கடலில், மூழ்கடிக்கப்பட்ட பழைய கப்பலொன்றின் சிதைவுகளில் சிக்கியது. உள்ளிருந்த நால்வரில் இருவர் மாண்டனர். ஒருவர் லிங்கின் மகன். பிறருடைய பிள்ளைகள் மேகத்துள் சாகாதிருக்க வழிகண்டவருக்கு நேர்ந்த இதை எழுதும்போது கை சற்றுத் தயங்கவே செய்கிறது. லிங்க் 1981இல் மறைந்தார். நிறுவனம் பல கைகள் மாறி 2021இல் கனடாவின் சி.ஏ.ஈ. நிறுவனத்தின் கீழ் வந்தது.

பிங்ஹாம்டனின் ரோபர்சன் அருங்காட்சியகத்தில் உள்ள லிங்க் கருவியை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வரலாற்றுச் சின்னமாக ஏற்றது. லிங்க் தொழிற்சாலை செய்த திரையரங்கு ஆர்கன் ஒன்றும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளது. படைத் தளங்களின் பயிற்சிப் பொறி அறைகளில் தொழில்நுட்பராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் நம் வாசகர்களிடையே இருப்பின், அங்கே கண்ட பழுதுகளையும் அவற்றை நீக்கிய விதத்தையும் எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம்.