பெயின்: வலியா, தண்டனையா?

'எங்க பெயின் இருக்கு?' என்று டாக்டர் கேட்கிறாரே, அந்தச் சொல் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது தண்டனை என்றும் பொருள். பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் 'பொயினா' அது. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் 'பொயினே', கொலைக்கு ஈடாகக் கொடுக்கிற ரத்தப்பணம். 'பெனால்டி', கோர்ட்டு அனுப்புகிற 'சப்பீனா' எல்லாம் இதே குடும்பம்தான்.

வலி என்பது யாரோ விதித்த தண்டனை என்ற நினைப்பு சொல்லோடு நிற்கலை. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். ஏவாளுக்குக் கடவுள் விதித்ததை மருந்தால் தடுக்கலாமா என்ற ஆட்சேபத்துக்கு, அதே வருஷம் ஒரு பிரசுரமே போட்டார். ஆதியாகமத்தில் இருக்கிற எபிரேயச் சொல்லுக்கு உழைப்பு, பிரயாசை என்றுதான் அர்த்தம், வலி இல்லை என்று அதில் வாதாடுகிறார். (டாக்டர் அகராதியைத் தூக்கிய இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை அயர்ந்து தூங்க வச்சாரே என்றும் கேட்டார்.