ஒப்பித்தலிலிருந்து உரையாடலுக்கு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு வகுப்பறைகள்

1855ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாத இதழ்களில் 'ஞானோதயா' என்னும் மராத்தி ஏடு ஒரு கட்டுரையை இரு பகுதிகளாக வெளியிட்டது. மாங், மஹார் மக்களின் துயரம் பற்றிய கட்டுரை அது. எழுதியவர் பூனா நகரில் ஜோதிராவ் புலே, சாவித்ரிபாய் புலே இணையர் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தா என்ற சிறுமி. பதின்பருவத்தைத் தொடங்கியிருந்த அவர் மாங் சாதியைச் சேர்ந்தவர். முக்தா சால்வே என்று இன்று அறியப்படும் அவருடைய இந்த ஒரே எழுத்து, இந்தியாவில் தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய மிகப் பழைய ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வரலாற்று மாணவர்கள் இக்கட்டுரையைச் சாதி எதிர்ப்பு ஆவணமாகப் படிக்கிறார்கள்; அது சரியே. ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இது ஒரு பள்ளிக்கூடத்து மாணவியின் கட்டுரை. எழுத்தறிவு முற்றிலும் மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்த சிறுமி, பேனாவைப் பிடித்த சில ஆண்டுகளுக்குள் கடவுளை நோக்கியும் பேஷ்வா ஆட்சியின் நினைவை நோக்கியும் கேள்வி எழுப்பும் துணிவை எங்கிருந்து பெற்றாள்? மாணவருக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவது பற்றி இன்று நடைபெறும் பயிலரங்குகளில் இக்கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. இதற்கு விடை காண, கால் நூற்றாண்டு பின்னோக்கிக் கல்கத்தாவிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுதக் கற்றவர்கள், எழுதாதவர்கள்

பழைய இந்தியப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி இல்லாமல் இல்லை. 1835 முதல் 1838 வரை வங்காளக் கல்வி நிலை குறித்து வில்லியம் ஆடம் அளித்த அறிக்கைகள், பாடசாலைச் சிறுவர்கள் முதலில் தரையிலும், பின்னர் பனையோலையிலும், அடுத்து வாழையிலையிலும், இறுதியாகத் தாளிலும் எழுதிப் பழகியதை விவரிக்கின்றன. கணக்கும் கடிதமும் பத்திரமும் எழுதும் திறன் அங்கே கிடைத்தது. தென்னாட்டுத் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, சட்டாம்பிள்ளையின் மேற்பார்வையில் மனனம் செய்யும் முறையே இருந்தது. நினைவாற்றலை வளர்ப்பதில் இம்முறைக்கு ஈடு இல்லை. எனினும் மாணவன் தான் நினைப்பதைச் சொல்லவோ எழுதவோ அதில் இடமில்லை.

ஆங்கிலக் கல்வி வந்ததும் இந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1817இல் தொடங்கப்பட்ட கல்கத்தா இந்துக் கல்லூரியில் பரிசளிப்பு விழாக்களின்போது மாணவர்கள் ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை ஒப்பித்தனர். ஆங்கிலேய விருந்தினர் மெச்சினர். பனையோலை போய் அச்சுப் புத்தகம் வந்தது. மாணவனின் நாவில் இருந்தது அப்போதும் பிறர் சொல்லே. மொழியை மாற்றினால் போதும், சிந்தனை மலர்ந்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அந்த மேடைகளே சான்று.

மாணிக்தலாவின் தோட்ட வீடு

1826இல் அக்கல்லூரிக்கு ஆசிரியராக வந்தபோது ஹென்றி லூயி விவியன் டெரோசியோவுக்கு வயது பதினேழு. கல்கத்தாவில் பிறந்த போர்த்துகீசிய-இந்தியக் கலப்பு மரபினர், கவிஞர். அவருடைய மாணவர்கள் சிலருக்கும் அவருக்கும் வயது வேறுபாடு மிகச் சிறியது. இலக்கியமும் வரலாறும் கற்பித்த அவர், வகுப்பு முடிந்த பின்னும் மாணவர்களுடன் உரையாடலைத் தொடர்ந்தார். 1828இல் அந்த உரையாடல் 'அகாடமிக் அசோசியேஷன்' என்னும் விவாத மன்றமாக உருப்பெற்றது. முதலில் டெரோசியோவின் இல்லத்திலும், பின்னர் மாணிக்தலாவில் இருந்த ஒரு தோட்ட வீட்டிலும் மன்றம் கூடியது. மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, விதி என்பது யாது, அறம் எது, நாட்டுப்பற்று எது, உருவ வழிபாடு ஏற்கத்தக்கதா, கடவுள் உண்டா என்பன அங்கே விவாதப் பொருள்கள். கல்வியாளர் டேவிட் ஹேர் தவறாமல் வந்து கேட்டார்.

டெரோசியோவின் முறை என்ன என்பதை அவர் எழுதிய கடிதமே காட்டுகிறது. 1831 ஏப்ரலில் கல்லூரி நிர்வாகக் குழு அவரை நீக்க முடிவெடுத்தபின், ஹோரஸ் ஹேமன் வில்சன் மூன்று குற்றச்சாட்டுகளைக் குறித்து அவரிடம் விளக்கம் கேட்டார். அவற்றுள் ஒன்று, அவர் மாணவர்களுக்கு நாத்திகம் போதித்தார் என்பது. கடவுள் பற்றிய ஐயங்களை வகுப்பில் பேசியதை டெரோசியோ மறுக்கவில்லை. டேவிட் ஹ்யூமின் ஐயவாத உரையாடலை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ததாகவும், அதற்குத் தாமஸ் ரீடும் டூகால்ட் ஸ்டூவர்ட்டும் கூறிய மறுப்புகளையும் உடன் வைத்ததாகவும் அவர் விளக்கினார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மாணவரைப் பிடிவாதக்காரராக ஆக்குவது தம் வேலையன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

கற்பித்தல் வரலாற்றில் இது கவனிக்க வேண்டிய இடம். இரு தரப்பு வாதங்களும் கைக்கு வந்த மாணவன் எதையேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். சபையில் எழுந்து நிற்கும் துணிவு அந்தக் கட்டாயத்தில்தான் பிறக்கிறது. விடை முன்பே தீர்மானிக்கப்பட்ட கேள்விக்கு எத்தனை முறை பேசினாலும் அத்துணிவு வருவதில்லை.

துணிவுக்கு விலையும் இருந்தது. நிர்வாகக் குழுவின் வாக்கெடுப்பு அவ்வகையில் ஒரு பாடம். இளைஞருக்குக் கற்பிக்கத் தகுதியற்றவர் டெரோசியோ என்று கூறப் பெரும்பான்மையோர் முன்வரவில்லை. ஆனால் நகரத்து இந்துச் சமூகத்தின் அப்போதைய மனநிலையைக் கருதி அவரை நீக்குவது உசிதமா என்ற அடுத்த கேள்விக்கு நீக்கத்திற்கு ஆதரவாக முடிவாயிற்று. வில்சனும் ஹேரும் அதில் வாக்களிக்கவில்லை. டெரோசியோ பதவி விலகினார். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று காலராவால் இறந்தார். வயது இருபத்திரண்டு.

மாணவர்கள் என்ன ஆனார்கள்

ஒரு வகுப்பறையின் வெற்றியை அளக்க, அதன் மாணவர்கள் பின்னாளில் அதிகாரத்தின் முன் எப்படி நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். டெரோசியோ மாணவர்களின் தொடக்ககாலச் செயல்களில் வீம்பு இருந்தது. 1831இல் கிருஷ்ணமோகன் பானர்ஜியின் நண்பர்கள் மாட்டிறைச்சி எலும்பை அண்டை வீட்டில் எறிந்ததும், அதனால் அவர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததும் அறியப்பட்ட செய்தி. வாதத்தால் வென்றெடுக்க வேண்டியவர்களைப் புண்படுத்திய செயல் அது. தன்னம்பிக்கைக்கும் செருக்குக்கும் இடையிலான கோடு மெல்லியது.

ஆயினும் காலம் அவர்களைப் பண்படுத்தியது. 1838இல் அவர்கள் பொது அறிவு ஈட்டும் சங்கம் ஒன்றை அமைத்து, கட்டுரை எழுதி வந்து வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். 1843 பிப்ரவரி 8 அன்று இந்துக் கல்லூரி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், கம்பெனி ஆட்சியின் குற்றவியல் நீதிமன்றங்களையும் காவல் துறையையும் விமர்சித்துத் தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை வாசித்தார். கல்லூரியின் கேப்டன் ரிச்சர்ட்சன் இடைமறித்து, மண்டபம் இராசத்துரோகக் கூடாரமாவதைத் தம்மால் அனுமதிக்க இயலாது என்றார். தலைமை வகித்த தாராசந்த் சக்ரவர்த்தி குரல் உயர்த்தவில்லை; இடைமறித்தது சங்கத்திற்கு இழைத்த அவமதிப்பு என்று கூறி, சொன்னதைத் திரும்பப் பெறுமாறு கேட்டார். ஷேக்ஸ்பியரை ஒப்பிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட மண்டபத்திலேயே, ஷேக்ஸ்பியர் ஆசிரியரான ஆங்கிலேயரிடம் ஓர் இந்தியர் சபை மரபை நினைவூட்டினார்.

அதே 1843இல் நில அளவைத் துறையில் பணியாற்றிய ராதாநாத் சிக்தார், துறைக் கூலியாட்களை ஆங்கிலேய நீதிபதி ஒருவர் கட்டாய வேலைக்கு இழுத்ததை எதிர்த்து 200 ரூபாய் அபராதம் செலுத்தினார். பின்னர் எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கீட்டுடன் அவர் பெயர் இணைந்தது. 1854இல் அவரும் பியாரி சந்த் மித்ராவும் பெண்களும் படிக்கத்தக்க எளிய வங்காளியில் 'மாசிக் பத்ரிகா'வைத் தொடங்கினர். ஆங்கிலத்தில் வாய் திறந்தவர்கள் தாய்மொழிக்குத் திரும்பிவந்த பயணம் இது.

பம்பாயில் இந்தத் திருப்பம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. எல்ஃபின்ஸ்டன் நிறுவன மாணவர்கள் 1848இல் தொடங்கிய இலக்கிய, அறிவியல் சங்கத்திலிருந்து மராத்தியிலும் குஜராத்தியிலும் சொற்பொழிவும் கட்டுரை வாசிப்பும் நடத்தும் ஞானப் பிரசாரக் கிளைகள் தோன்றின. அடுத்த ஆண்டே அவர்கள் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகளைத் திறந்து, தாமே ஊதியமின்றிக் கற்பித்தனர். தாதாபாய் நவ்ரோஜி அவர்களுள் ஒருவர். பேசக் கற்றவர்கள், பேச இயலாதிருந்தவர்களைத் தேடிச் சென்றார்கள்.

பூனாவின் வகுப்பறை

இவ்வரலாற்றின் குறையையும் சொல்ல வேண்டும். இந்துக் கல்லூரியின் கதவு உயர்குடி இந்து ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. வீட்டிலும் வீதியிலும் ஏற்கனவே மரியாதை பெற்றிருந்தவர்களுக்கு மேடையும் கிடைத்தது. வாய் திறந்தாலே அடி விழும் நிலையில் இருந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கை என்பது முற்றிலும் வேறு பொருள் உடையது.

1848இல் புலே இணையர் பூனாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். தொடர்ந்து மாங், மஹார் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் ஏற்பட்டன. பள்ளிக்குச் செல்லும் வழியில் சாவித்ரிபாய் மீது சாணமும் கல்லும் வீசப்பட்டன. அவர் தொடர்ந்து வந்தார். 1854இல் அவருடைய கவிதைத் தொகுப்பு 'காவ்ய ஃபுலே' வெளியாயிற்று. அடுத்த ஆண்டு முக்தாவின் கட்டுரை வந்தது. எழுதும் பெண் ஒருத்தி கரும்பலகையின் முன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளின் தலைமுறை அது. எழுது என்று சொல்லும் ஆசிரியருக்கும் எழுதிக் காட்டும் ஆசிரியருக்கும் உள்ள தூரம் பெரிது.

முக்தாவின் கட்டுரை அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் பயிற்சியின் தடம் தெரிகிறது. முதலில் கடவுளை விளித்துத் தொடங்குகிறாள். அடுத்து ஒரு தருக்கம்: வேதம் பிராமணர்க்கு மட்டுமே உரியது எனில், எங்களுக்கென்று நூல் இல்லை, நூல் இல்லையெனில் எங்கள் மதம் எது? பிறகு சான்றுகள்: நிலத்திலிருந்து விரட்டப்பட்டது, கட்டட அடித்தளங்களில் மனிதர் புதைக்கப்பட்டது, பாஜிராவ் காலத்துக் கொடுமைகள். அதன்பின் எவரும் மறுக்க இயலாத ஓர் அனுபவம்: மேலே கூரையின்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தாய்மார்களின் வேதனை. அதைத் தம் சொந்த அனுபவத்தைக் கொண்டு எண்ணிப் பார்க்குமாறு படிப்பவரைக் கேட்கிறாள். இறுதியில் தன் மக்களை நோக்கித் திரும்பி, அறிவென்னும் மருந்தை நாடச் சொல்கிறாள்.

இங்கே கேள்வி உண்மையானது. பிறர் கொடுத்த தலைப்பின் மீது பூசப்பட்ட சொல்லலங்காரம் அல்ல. சான்று அவளுடைய சேரியிலிருந்தே வந்தது. மொழி அவள் வீட்டு மராத்தி. படித்தவர்கள் உண்மையானவர்கள், கட்டுரை மதிப்பெண் பெற்று அலமாரிக்குள் போகாமல் அச்சேறிப் பொதுவெளிக்குச் சென்றது. இந்நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் சிறுமி ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகை 1991இல் அக்கட்டுரையை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தது.

இன்றைய வகுப்பறைக்கு

இருபதாம் நூற்றாண்டில் பவநகரில் கிஜுபாய் பதேக்கா 1920இல் குழந்தைகள் பள்ளி தொடங்கிக் கதையையும் நாடகத்தையும் கற்பித்தலின் நடுவே வைத்தார். போபாலின் ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் வெளியிடும் 'சக்மக்' இதழ் பிள்ளைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் தனிப் பக்கங்கள் ஒதுக்கியது. மரபு அறுபடவில்லை. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்பது இன்றும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தந்ததை மாணவர் ஏற்ற இறக்கத்துடன் ஒப்பிப்பதுதான். கல்லூரிக் கருத்தரங்கிலும் திரையில் உள்ள வரிகளை வாசித்து அமர்ந்துவிடும் மாணவர் பலர். இவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்வது எளிது. இவர்களிடம் விடை தெரியாத கேள்வி எதையேனும் நாம் கேட்டிருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பது கடினம்.

கல்கத்தாவும் பூனாவும் இன்னொன்றையும் நினைவூட்டுகின்றன. மாணவர் வாய் திறந்தால், கேட்பவர்க்கு உவப்பில்லாததும் வெளிவரும். ஒரு வகுப்பறையில் ஆசிரியர் வேலையை இழந்தார். மற்றொன்றில் ஆசிரியை கல்லடி பட்டார். தன்னம்பிக்கையை வளர்க்க விரும்பும் நிறுவனம், அந்தத் தன்னம்பிக்கை தன்னையே கேள்வி கேட்கும் நாளுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்நாளில் மாணவரின் பக்கம் நிற்க ஒரு ஆசிரியர் இருந்தால், முக்தாக்கள் ஒரே ஒரு கட்டுரையோடு நின்றுவிட மாட்டார்கள்.