சுற்றுலாப் பயணியும் அத்துமீறுபவரும்: சாத்பூரா மலைக்காட்டின் வரலாறு

மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா புலிகள் காப்பகத்துக்குச் சென்று வருவோர் ஒரு சிறப்பைத் தவறாமல் குறிப்பிடுவர்: வழிகாட்டியின் துணையோடு அங்கே காட்டுக்குள் நடந்தே செல்லலாம். மணற்பாறைச் செங்குத்துகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், தேக்கும் சால மரமும் அருகருகே வளரும் வனமும் அந்த நடையை மறக்கவியலாததாக்குகின்றன. ஆயினும், அந்நிலத்தில் பொழுதுபோக்காக நடக்கும் உரிமை உருவான வரலாறும், அங்கேயே வாழ்ந்தவர்களின் நடமாட்டம் குற்றமான வரலாறும் ஒன்றே.

அக்காட்டின் நடுவே அமைந்த பச்மரியைக் 'கண்டுபிடித்தவர்' என்று ஜேம்ஸ் ஃபோர்சித் என்னும் ஆங்கிலேய அதிகாரியைச் சுற்றுலா ஏடுகள் போற்றுகின்றன. 1862இல் அவர் அங்கே கட்டிய 'பைசன் லாட்ஜ்' இன்று அருங்காட்சியகம். ஆனால் அவ்வட்டாரத்தின் பாறைக் குகைகளில் பல்லாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய ஓவியங்கள் உள்ளன. கோண்டு, கோர்க்கு மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்த மலை அது. 1871இல் வெளிவந்த ஃபோர்சித்தின் நூல் வேட்டையின்பத்தை விரிவாகப் பேசுகிறது. அம்மக்களின் காட்டெரிப்பு வேளாண்மையையோ வனத்தின் கேடாகக் காண்கிறது.

பச்மரியை அடுத்த போரிக் காட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. அம்மலையின் ஜாகீர்தார்களுள் ஒருவரான பபூத் சிங் 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயரை எதிர்த்தார். அதற்குத் தண்டனையாகப் பறிக்கப்பட்ட காடே, 1865இல் காப்புக்காடாயிற்று. இந்தியாவின் மிகப் பழைய காப்புக்காடுகளுள் ஒன்றாக இன்று பெருமையுடன் சுட்டப்படுவதும் அதுவே. வனப் பாதுகாப்பின் தொடக்கப் பக்கத்திலேயே ஓர் அரசியல் பழிவாங்கல் பதிந்துள்ளது.

விடுதலைக்குப் பின்னரும் இந்தப் பாகுபாட்டின் தடம் மறையவில்லை. 1972ஆம் ஆண்டின் கானுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் எந்தெந்த நோக்கங்களுக்காக நுழைய அனுமதி அளிக்கலாம் என்று பட்டியலிடுகிறது: கானுயிர் ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்போருடன் சட்டப்படியான அலுவல். சுற்றுலாவுக்கு அங்கே இடமுண்டு. மூதாதையர் வழிபாட்டிடத்துக்குச் செல்வதற்கும் இலுப்பைப்பூ பொறுக்குவதற்கும் இல்லை.

எனினும் வழக்காறு சட்டத்தின் வரம்புக்குள் முழுமையாக அடங்குவதில்லை. ஆண்டுதோறும் நாகபஞ்சமியை ஒட்டிய சில நாள்களுக்கு, காப்பகத்துக்குள் இருக்கும் நாகத்வாரிக் குகைக்குச் செல்லும் மலைப்பாதை திறக்கப்படுகிறது. விதர்ப்பத்திலிருந்தும் பெருந்திரளான அடியவர்கள் வருகின்றனர். அவர்களைச் சுற்றுலாப் பயணிகள் என்பதா, உரிமையாளர்கள் என்பதா?

மக்கள் திரள் காட்டுக்குச் சுமையாவதையும், கிராமங்கள் இடம்பெயர்ந்த இடங்களில் புல்வெளிகள் மீண்டு மான்கள் பெருகியதையும் மறுப்பதற்கில்லை. பாதுகாப்பு தேவை என்பதில் ஐயமில்லை. அதன் விலையை யார் செலுத்தினர் என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. பழங்குடியினருக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. ஆகவே வனத்துறை ஆவணங்களைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள், வருகைப் பதிவேடுகளோடு நில்லாமல் வனக்குற்றப் பதிவேடுகளையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரே பாதையில் நடந்த இருவருள் ஒருவர் பெயர் முதல் ஏட்டிலும் மற்றவர் பெயர் இரண்டாம் ஏட்டிலும் ஏறியது எவ்வாறு என்பதை அங்கேதான் காண முடியும்.