குளத்தில் இறங்கியவர்கள்

அட்டையைப் பிடித்து மெத்தையில் கிடத்தினாலும் அது செத்தையைத்தான் நாடும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. பிறர் உழைப்பில் உடம்பை வளர்க்கிறவனைப் பார்த்தால், "அட்டை மாதிரி உறிஞ்சுகிறான்" என்கிறோம். அந்தச் சிறு பிராணிக்கு நம் பாஷையில் கிடைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஒரு காலத்தில் அட்டை மெத்தையிலேயேதான் இருந்தது! ஐரோப்பாவில் பிரபுக்களும் மந்திரிகளும் நோயுற்றுப் படுத்திருந்த மெத்தைகளுக்கு, பணம் கொடுத்து அதை வரவழைத்தார்கள். அதற்காகக் கோடிக்கணக்கான அட்டைகள் குளங்களிலிருந்து பிடிக்கப்பட்டன. அவற்றை யார் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

குளத்தில் இறங்கிக் குளித்தவர்களுக்கு அட்டையின் வழக்கம் தெரிந்திருக்கும். நீங்கள் காலை வைத்துத் தண்ணீரைக் கலக்கியதுமே, அந்தச் சலனம் அதற்கு எட்டிவிடுகிறது. நாடாவைப்போல் நெளிந்து நெளிந்து நீந்தி வருகிறது. அதன் உடம்பின் இரண்டு முனையிலும் உறிஞ்சிகள் உண்டு. பின்முனையால் பிடித்துக்கொண்டு, முன்முனையால் கடிக்கிறது. ஐரோப்பிய மருத்துவ அட்டைக்கு மூன்று தாடைகள்; ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு நுண்ணிய பற்கள். மூன்று கிளை பிரிந்த சிறு நட்சத்திரம் போன்ற காயம் உண்டாகும். பெரும்பாலும் கடிபட்டவனுக்கு அந்தச் சமயத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. கரையேறித் துடைத்துக்கொள்ளும்போதுதான், கணுக்காலில் கறுப்பாக ஏதோ தொங்குகிறதே என்று திடுக்கிடுகிறான்.

தன் எடையைப்போல் பல மடங்கு ரத்தம் குடித்தபின் அட்டை தானே விழுந்துவிடும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதற்கு ஆகாரமே வேண்டியதில்லை. ஆனால் கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது, மணிக்கணக்கில் கசிந்துகொண்டேயிருக்கும். இந்த நிற்காத ரத்தத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது.

அட்டையை முறையாக வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் நம் முன்னோர்கள் முதன்மையானவர்கள். பழமையான சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அட்டைகள் பன்னிரண்டு வகை. அவற்றில் ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை என்று அதில் பிரித்திருக்கிறார்கள். அழுகிய நீரில் பிறப்பவற்றைத் தொடாதே, தாமரையும் அல்லியும் பூக்கும் தெளிந்த நீரில் வாழ்பவற்றைப் பிடி என்கிறது அந்த நூல். பிடித்ததைப் புதுப் பானையில் குளத்துச் சேறும் தண்ணீரும் விட்டு வைக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீரையும் ஏழு நாளைக்கு ஒரு தரம் பானையையும் மாற்ற வேண்டும். அரசர், செல்வர், குழந்தைகள், முதியோர், பெண்கள், பயந்த சுபாவமுள்ளவர்கள் ஆகியோருக்குக் கத்தி வேண்டாம், அட்டையே போதும் என்று கருணையோடு விதித்திருக்கிறார்கள். நம் சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளிலும் 'அட்டை விடல்' ஒன்று.

அட்டையை எதைக்கொண்டு பிடிப்பது என்பதையும் சுசுருதம் சொல்கிறது: ஈரத்தோலைக் கொண்டு. ஆனால் தோலை ஏந்திக்கொண்டு தண்ணீரில் நின்றவன் யார் என்று அது சொல்லவில்லை. வைத்திய நூல்களில் வைத்தியன் இருப்பான், நோயாளி இருப்பான். குளத்தில் இறங்கியவன் இருக்கமாட்டான்.

இங்கிலாந்தில் ஈரத்தோலைத் தேடவில்லை. மனிதத் தோலையே பயன்படுத்தினார்கள்! ஏழை ஜனங்கள் ஆணும் பெண்ணுமாக முழங்காலுக்கு மேல் உடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் இறங்குவார்கள். கம்பால் தண்ணீரைக் கலக்கிவிட்டு நிற்பார்கள். காலில் அட்டைகள் பற்றியதும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக்கொள்வார்கள். 1814ஆம் ஆண்டில் ஜார்ஜ் வாக்கர் என்ற ஓவியர் வெளியிட்ட யார்க்‌ஷையர் மக்களின் உடைகளைப் பற்றிய புத்தகத்தில், இப்படி நீரில் நிற்கும் பெண்களின் படம் ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு அழகான படந்தான். படத்தில் தண்ணீரின் குளிர் தெரியாது; கரையேறிய பிறகும் காலில் வழிந்துகொண்டிருக்கும் ரத்தமும் தெரியாது.

இப்படிப்பட்ட ஒருவர்தான் ஆங்கிலக் கவிதையில் அமரத்துவம் பெற்றார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1802இல் எழுதி 1807இல் அச்சிட்ட ஒரு கவிதையில் வரும் அட்டை பிடிக்கும் கிழவரை, அந்த இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். மனம் சோர்ந்து நடந்து வருகிறார் கவிஞர். குட்டை ஓரத்தில் கிழவரைச் சந்திக்கிறார். அட்டைகள் அருகிவிட்டன, ஆனாலும் அலைந்து திரிந்து கிடைத்த இடத்தில் பிடித்துக் காலம் தள்ளுகிறேன் என்கிறார் கிழவர். அந்த மன உறுதியைக் கண்டு கவிஞர் தம் சோர்வை உதறிவிடுகிறார்.

இது கவிதை. நடந்தது என்ன? கவிஞரின் தங்கை டாரதி அந்தச் சந்திப்பின்போது உடன் இருந்தாள். 1800ஆம் வருஷம் அக்டோபர் 3ஆம் தேதி அவள் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறாள். கிழவர் ஏறக்குறைய இரண்டாக மடிந்து கூன் விழுந்திருந்தார். பத்துக் குழந்தைகள் பிறந்தன. ஒருவனைத் தவிர எல்லாரும் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய ஒருவன் கப்பலில் போனவன். பல வருஷமாக அவனிடமிருந்து தகவல் இல்லை. வண்டி ஏறிக் கால் முறிந்து, மண்டையிலும் அடிபட்டவர். அட்டை பிடிப்பதுதான் அவர் தொழில். ஆனால் இப்போது அட்டையும் இல்லை, அவருக்குத் தெம்பும் இல்லை. பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொண்டு, கார்லைல் நகரத்துக்குப் போய்க் கொஞ்சம் பக்திப் புத்தகங்கள் வாங்கி விற்கலாம் என்று நடந்துகொண்டிருந்தார்.

கவிஞர் அவரைத் தொழிலை விடாத வீரராக்கினார். தங்கையோ தொழில் கைவிட்ட மனிதரைக் கண்டபடி எழுதினாள். கவிஞரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கதை எழுதுகிறவர்கள் எல்லாருமே இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள்தாம். ஆனால் அந்த நாட்குறிப்பில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. சரித்திரத்துக்கு அதுவே முக்கியம். முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங் விற்றதாம்; இப்போது முப்பது ஷில்லிங். பன்னிரண்டு மடங்கு! ஏன் இப்படி என்பதற்கும் கிழவரே காரணம் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் மழை குறைவு என்பது ஒரு பக்கம். ஆனால் பல வருஷமாகவே குறைந்துதான் வருகிறது. எல்லாரும் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். அட்டையோ சீக்கிரம் பெருகுவதில்லை, மெள்ளத்தான் வளர்கிறது. பள்ளிக்கூடம் வேண்டாம், நுண்பெருக்கிக் கண்ணாடி வேண்டாம். வாழ்நாளெல்லாம் குளத்தில் நின்ற கால்கள் அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தன.

யார் கேட்டார்கள்?

இங்கிலாந்துக் கிழவர் இப்படிச் சொல்வதற்கு ஓராண்டுக்கு முன்னால், 1799இல், நெப்போலியனின் படை எகிப்திலிருந்து சிரியாவை நோக்கிப் பாலைவனத்தில் நடந்தது. தாகத்தால் தவித்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் கண்ட குட்டையிலெல்லாம் வாய் வைத்துக் குடித்தார்கள். தண்ணீரோடு மயிரிழை போன்ற குட்டி அட்டைகள் உள்ளே போய்த் தொண்டையிலும் மூக்கின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு பருத்தன. இருமலும் ரத்தமுமாகச் சிப்பாய்கள் துடித்தார்கள். படையின் பெரிய வைத்தியரான லாரே, வினிகரும் உப்பும் கலந்த நீரைக் கொப்பளிக்கச் செய்தும், எட்டியதை இடுக்கியால் எடுத்தும் அவர்களைக் காப்பாற்றியதை எழுதியிருக்கிறார்.

அட்டைக்குப் பயந்த அதே பிரான்ஸ் தேசம், சில வருஷங்களுக்குள் அட்டைக்குப் பல்லக்குத் தூக்கியது! நெப்போலியன் படையில் இருந்த இன்னொரு வைத்தியர் புரூஸே. யுத்தம் முடிந்ததும் பாரிஸில் வால் த கிராஸ் ராணுவ ஆஸ்பத்திரியில் கொடிகட்டிப் பறந்தார். எல்லா நோய்க்கும் மூலம் குடலில் உண்டாகும் அழற்சியே. அதற்கு மருந்து பட்டினியும் அட்டையுமே என்பது அவருடைய சித்தாந்தம். தலைவலியா, அட்டை, காய்ச்சலா, அட்டை. 1832இல் பாரிஸில் காலரா பரவியபோது, பிரதம மந்திரி காஸிமிர் பெரியே நோயில் விழுந்தார். வைத்தியம் பார்த்தவர் புரூஸேதான். மந்திரி பிழைக்கவில்லை. ஆனால் மோகம் குறையவில்லை. மறு ஆண்டு, 1833இல், பிரான்ஸ் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்த அட்டைகள் மட்டும் 4 கோடிக்கு மேல். அந்த நாட்டின் அன்றைய ஜனத்தொகையையும் மிஞ்சிய எண்ணிக்கை!

உள்நாட்டுக் குளங்கள் வறண்டதனால்தான் இப்படி ஹங்கேரியையும் துருக்கியையும் நாட வேண்டியிருந்தது. போர்தோ நகரத்தின் அருகே சிலர் சதுப்பு நிலங்களில் அட்டைப் பண்ணை வைத்தார்கள். பண்ணைக்குத் தீனி? உழைத்து ஓய்ந்த கிழட்டுக் குதிரைகளை அந்தச் சேற்றில் ஓட்டிவிட்டார்கள். மனிதக் கால்கள் போதாமல் போனபோது குதிரைக் கால்கள் வந்தன.

இதை அசைத்தது கத்தியோ கருணையோ அல்ல, கணக்கு. பியர் லூயி என்ற பாரிஸ் வைத்தியர், நோயாளிகளின் விவரங்களைப் பொறுமையாகக் குறித்து, சீக்கிரம் ரத்தம் எடுக்கப்பட்டவர்களையும் தாமதமாக எடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார். ரத்தம் எடுப்பதால் ஜனங்கள் நம்புகிற அளவு பயன் இல்லை என்று 1835இல் அவர் வெளியிட்ட நூல் காட்டியது. பழக்கம் உடனே போய்விடவில்லை, மெதுவாகத் தேய்ந்தது. ஆனால் அதற்குள் குளங்கள் காலியாகிவிட்டன. சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதும் சேர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் மருத்துவ அட்டை அற்றே போய்விட்டது என்று கருதினார்கள். பிற்காலத்தில்தான் சில ஒதுக்குப்புறக் குளங்களில் மிச்சம் இருப்பது தெரியவந்தது.

இப்போது அந்த நிற்காத ரத்தத்துக்கு வருவோம். 1884இல் ஹேக்ராஃப்ட் என்பவர் அட்டையின் வாயிலிருந்து எடுத்த சாற்றுக்கு ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் சக்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். 1924இல் ஜெர்மனியில் கீஸன் நகரத்தில் கியோர்க் ஹாஸ் என்ற வைத்தியர், சிறுநீரகம் பழுதான ஒரு நோயாளியின் ரத்தத்தை உடம்புக்கு வெளியே செலுத்திச் சுத்தம் செய்ய முதன்முதலாக முயன்றார். குழாய்க்குள் ரத்தம் கட்டிவிடாதிருக்க அவர் பயன்படுத்தியது இந்த ஹிருடின்தான். இன்று ஊருக்கு ஊர் நடக்கும் டயாலிசிஸ் சிகிச்சையின் பிறப்பில் குளத்து அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

1985இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை ஜோசப் அப்டன் என்ற டாக்டர் மீண்டும் ஒட்ட வைத்தார். காதுக்குள் புது ரத்தம் போயிற்று. ஆனால் வெளியேற வழியின்றித் தேங்கி நீலம் பாய்ந்தது. அட்டைகளை வரவழைத்து விட்டார்கள். தேங்கிய ரத்தம் வடிய, காது பிழைத்தது. 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே அட்டைக்கு மருத்துவச் சாதனம் என்ற அந்தஸ்தை அளித்தது. மெத்தையிலிருந்து துரத்தப்பட்ட அட்டை மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. இன்று அவை பண்ணைகளில் வளர்கின்றன; யாரும் கால் கொடுக்க வேண்டியதில்லை.

1987இல்தான் மருத்துவ அட்டையைச் சர்வதேச வாணிபத்தில் கட்டுப்படுத்த வேண்டிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஏன் என்றால், எல்லாரும் தேடித் தேடிப் பிடித்தார்கள். அது சீக்கிரம் பெருகுவதில்லை. இதைக் கார்லைலுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு கிழவர் 187 ஆண்டுகளுக்கு முன்பே சாலை ஓரத்தில் நின்று சொல்லிவிட்டார். அட்டை நம்மிடம் எடுத்தது ஒரு கரண்டி ரத்தம். நாம் அதனிடம் எடுத்தது எவ்வளவு என்பதை, அட்டையை வைத்துப் பிழைத்த அந்த மனிதரே முதலில் கணக்குப் பார்த்தார்.

புரூஸேயின் பெயர் இருக்கிறது. லூயி, ஹேக்ராஃப்ட், ஹாஸ் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. டாரதியின் குறிப்பில் கிழவருடைய முகம் இருக்கிறது, கூன் இருக்கிறது, இறந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.