அவஸ்தைப்பூசுதல்

கத்தோலிக்க வீடுகளில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையானால், வாசலில் தணிந்த குரலில் ஒரு விசாரணை நடக்கும்: “அவஸ்தை பூசியாச்சா?” ஆச்சு என்றால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் போய்விடும். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவுக்குள் வந்தாலே, யாருக்கோ முடியப்போகிறது என்று பொருள்.

வடமொழியில் ‘அவஸ்தா’ வெறும் ‘நிலை’தான். தமிழுக்கு வந்ததும் துன்பநிலை ஆனது. நெரிசல் பேருந்தில் நின்று வந்தாலும் நமக்கு அவஸ்தைதான். கத்தோலிக்கத் தமிழ் இன்னும் ஒரு படி தாண்டி, உயிர் பிரியும் வேதனைக்கு அதை வைத்துக்கொண்டது. லத்தீனில் இந்த அருளடையாளத்தின் பெயர் ‘எக்ஸ்த்ரேமா உங்க்சியோ’, கடைசிப் பூசுதல். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகியவற்றில் பூசும் எண்ணெய்களுக்குப் பின் வருவதால் ‘கடைசி’ என்று ஒரு விளக்கம் உண்டு. வரிசையில் கடைசி என்பதை மக்கள் வாழ்நாளின் கடைசி என்று கேட்டார்கள். தமிழ்ப் பெயரிலோ வரிசையே இல்லை, வேதனை மட்டும் இருந்தது.

மூலத்தைப் பார்த்தால் கதை வேறு. யாக்கோபு தம் திருமுகத்தில், நோயுற்றவர் சபை மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி மன்றாடட்டும், ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார் என்கிறார். படுக்கையிலிருந்து எழுவதுதான் அங்கே பேச்சு. திரெந்து பொதுச்சங்கமும் 1551-இல் இது நோயாளிக்கு உரியது, சிறப்பாகச் சாகும் தறுவாயில் இருப்பவருக்கு என்றுதான் சொன்னது. அந்தச் ‘சிறப்பாக’ நடைமுறையில் ‘மட்டும்’ ஆனதற்குப் பெயரும் ஒரு காரணம் என்பேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் ‘நோயாளிகளுக்குப் பூசுதல்’ என்ற பெயரே பொருத்தமானது என்றது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையும் திருத்தினார். முன்பு கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் பூசி, அந்தந்தப் புலனால் செய்த பாவம் மன்னிக்கப்பட வேண்டுவார்கள். இப்போது நெற்றியிலும் கைகளிலும் மட்டும். மன்றாட்டில் எழுப்பிவிடுதலும் சேர்ந்தது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும். தமிழில் ‘நோயில்பூசுதல்’ வந்தது இந்த மாற்றத்தோடுதான். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் பெறலாம், முதுமையில் தளர்ந்தவர் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். ஆனாலும் சாமியாரை அழைக்கலாமா என்றால், “அதுக்குள்ளேயா?” என்று முகம் வாடுகிறவர்கள் இன்றும் உண்டு. பலகையில் பெயரை மாற்றுவது எளிது. பாட்டிமார் நாக்கில் மாற்றுவது அப்படியல்ல.

இத்தனைக்கும், சாகப்போகிறவருக்கென்றே திருச்சபை வைத்திருப்பது எண்ணெய் அல்ல, நற்கருணை. அந்தக் கடைசி நற்கருணைக்கு லத்தீனில் ‘வியாத்திகும்’ என்று பெயர். உரோமையர் பேச்சில் அது வழிச்செலவு. பயணம் போகிறவனுக்குக் கொடுத்தனுப்பும் காசும் கட்டுச்சோறும்.