மன்னார் நாடகமும் உலக உடன்படிக்கையும்

மன்னார்த் தீவிலும் எதிரேயுள்ள மாதோட்டக் கரையிலும் வாழும் கத்தோலிக்க மக்கள் நாட்டுக்கூத்தைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்துள்ளனர். நாடகம், வாசகப்பா என அதனை வழங்குவர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர் வழியாக வந்த சமயக் கதைகளைத் தமிழ்ப் புலவர் விருத்தமாகவும் தருவாகவும் பாடினர். அண்ணாவிமார் ஆட்டம் பழக்கினர். 'என்றிக் எம்பரதோர்' என்னும் நாடகப் பெயரை நோக்குங்கள். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவமேயாகும்.

கையெழுத்துப் படிகளில் கிடந்த இந்நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்தார். 1966இல் 'மூவிராசர் நாடகமும்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகமும்' அவர் பதிப்பாக வெளிவந்தன.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின்னரே உலக நாடுகள் இப்பணியைப் பொதுக் கடமையாக ஏற்றன. 2005 அக்டோபர் 20ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ பொது மாநாடு, பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காத்து வளர்ப்பதற்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007 மார்ச் 18இல் அது நடைமுறைக்கு வந்தது. கலைப்படைப்பு வெறும் வணிகச் சரக்கன்று. அதனைக் காக்கச் சட்டமும் நிதியும் வகுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டு என்பதே அதன் சாரம்.

நேயர்களே, அச்சு நாடகத்தின் சொல்லைக் காத்தது. மெட்டும் தாளமும் ஆட்டமுமோ அண்ணாவியாரிடம் பழகியே வரவேண்டியவை. 1990இல் போர் மூண்டபோது மன்னார் மக்கள் பலர் கடல் கடந்து தமிழ்நாட்டில் அகதிகளாயினர். ஊர் கலைந்த காலத்தில் கூத்துப் பழகுவது எங்ஙனம்? ஆதலின், நிதி வழங்குவோர் நூலோடு நின்றுவிடாது, பழக்குவோரையும் பழகுவோரையும் தாங்குதல் வேண்டும்.