யார் மேசையிலும் இல்லாத பிரச்சினை: அவுரேலியோ பெச்சேயின் கதை

சில வருடங்களுக்கு முன் ஓர் இரவு, வேர்ல்டு3 என்கிற பழைய கணினி மாதிரியை என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். 1970களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் டைனமோ என்ற மொழியில் எழுதப்பட்டது. யாரோ புண்ணியவான் அதைப் பைத்தானில் திரும்ப எழுதி இணையத்தில் போட்டிருந்தார். மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, மாசு, தீர்ந்துபோகும் இயற்கை வளம் என்ற ஐந்தும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று 1900லிருந்து 2100 வரை கணக்குப் போடும் மாதிரி அது. சில நொடிகளில் ஓடி முடிந்தது. கோடுகள் ஏறின, ஒரு கட்டத்தில் சரிந்தன.

கோடுகளைவிட எனக்கு வேறொரு கேள்விதான் பிடித்துக்கொண்டது. இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு வரும் கேள்வி: இதை யார் கேட்டார்கள்? 'உலகம் மொத்தத்துக்கும் கணக்குப் போட்டுக் கொடு' என்று வந்து நின்ற கிளையன்ட் யார்?

தேடிப் போனால், ஒரு கார் கம்பெனி மேலாளரிடம் போய் நின்றது. பெயர் அவுரேலியோ பெச்சேய்.

1908ல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது லெனினின் புதிய பொருளாதாரக் கொள்கை. முசோலினி ஆண்ட காலத்தில் ஓர் இத்தாலிய மாணவர் இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறார் பாருங்கள்! பிறகு ஃபியட்டில் வேலை. 1935ல் கம்பெனி வேலையாகச் சீனா. போர்க்காலத்தில் பாசிச எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1944ல் பிடிபட்டார், சித்திரவதைக்கு ஆளானார், சுமார் பதினோரு மாதம் சிறையில் இருந்தார். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

போர் முடிந்ததும் ஃபியட்டை மறுபடி எழுப்பும் வேலை. 1949ல் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே ஃபியட்டின் தொழிலைக் கட்டினார். 1950களின் பிற்பகுதியில் இத்தால்கன்சல்ட் என்ற நிறுவனத்தின் தலைமை. வளரும் நாடுகளுக்குப் பொறியியல், பொருளாதார ஆலோசனை தருவது அதன் தொழில். 1964ல், தள்ளாடிக்கொண்டிருந்த ஒலிவெட்டியை நிமிர்த்தும் பொறுப்பு. அதே வருடம்தான் ஒலிவெட்டி தன் மின்னணுப் பிரிவை ஜெனரல் எலெக்ட்ரிக்குக் கொடுத்தது. கணினித் தொழிலைக் கைகழுவிய கம்பெனியின் தலைவர், சில வருடங்கள் கழித்து உலகப் புகழ்பெற்ற கணினி மாதிரிக்குக் காரணமாகிறார். வரலாற்றுக்கும் குசும்பு உண்டு.

சரி, சொகுசாக ஓய்வு பெற வேண்டிய ஒரு தொழிலதிபருக்கு உலகக் கவலை எதற்கு?

என் அலுவலக அனுபவம் ஒன்றைச் சொன்னால் இது புரியும். ஒரு முறை எங்கள் புராஜெக்டில் ஒரு கோளாறு மூன்று வாரம் இழுத்தது. நாலு டீம். ஒவ்வொரு டீமும் தன் பகுதியைச் சோதித்துவிட்டு 'எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு' என்று டிக்கெட்டை மூடிவிடும். உண்மையும் அதுதான், நாலு பகுதியும் தனித்தனியே சரி. கோளாறு அவை சேரும் இடத்தில் இருந்தது. அந்த இடம் எந்த டீமுக்கும் சொந்தமில்லை.

பெச்சேய் தேசம் தேசமாகப் பார்த்தது இதைத்தான். பஞ்சம் ஓர் அமைச்சகத்தில், தொழில் வேறோர் அமைச்சகத்தில், ஆற்றில் கலக்கும் கழிவு எங்குமே இல்லை. அணையும் ஆலையும் திட்டமிட்டவர் அவர். ஒவ்வொரு திட்டமும் தன்னளவில் சரி. எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது யார் மேசையிலும் இல்லை.

1965ல் புவெனஸ் ஐரிஸில் இதைப் பற்றி ஸ்பானிஷ் மொழியில் ஓர் உரை ஆற்றினார். அதன் மொழிபெயர்ப்பு கைமாறிக் கைமாறி, சோவியத் அறிவியல் தொழில்நுட்பக் குழுவின் துணைத் தலைவர் கிவிஷியானியிடம் போனது. இவர் பிரதமர் கோசிகினின் மருமகன். 'யார் இந்த ஆள்?' என்று அவர் விசாரிக்க, அந்த விசாரணை பாரிஸில் ஓ.இ.சி.டி.யில் இருந்த அலெக்சாண்டர் கிங் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியிடம் வந்தது. கிங்குக்கும் பெச்சேயைத் தெரியாது. உரையைப் படித்தார், அசந்துபோனார், நேரில் சந்தித்தார். பனிப்போரின் இரண்டு பக்கமும் ஒரே உரையைப் படித்துவிட்டு ஒரே மனிதரைத் தேடியது!

1968 ஏப்ரலில் ரோமில், லிஞ்செய் அகாதமியில், சுமார் முப்பது அறிஞர்களைக் கூட்டினார்கள். கூட்டம் சொதப்பல். சொற்களுக்குப் பொருள் என்ன என்று வாதாடியே பொழுது போனது. ஆனால் முடிந்த கையோடு ஐந்தாறு பேர் பெச்சேயின் வீட்டில் உட்கார்ந்து, விடுவதாக இல்லை என்று முடிவு செய்தார்கள். அதுதான் கிளப் ஆஃப் ரோம். உறுப்பினர் நூறு பேருக்கு மேல் கூடாது, ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் சேரக் கூடாது, பெரிய அலுவலகம் கிடையாது.

1970ல் பெர்ன் நகரக் கூட்டத்துக்கு எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரஸ்டர் வந்தார். திரும்பிப் போகும் விமானத்திலேயே முதல் வரைபடத்தைப் போட்டுவிட்டார். ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளை பணம் தந்தது. கார் காசில் வளர்ச்சியின் எல்லைக்கு ஆராய்ச்சி! டென்னிஸ் மெடோஸ் தலைமையில், டொனெல்லா மெடோஸ் உட்பட இளைஞர் கூட்டம் ஒன்று வேர்ல்டு3யை எழுதியது. 1972ல் 'வளர்ச்சியின் எல்லைகள்' புத்தகம் வந்தது.

'உலகம் அழியும் என்று ஜோசியம் சொன்ன புத்தகம்' என்றுதான் பலரும் இன்றைக்கும் இதை நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால் அப்படி இல்லை. அதில் பல ஓட்டங்கள் இருக்கின்றன. வளத்தை இரட்டிப்பாக்கினால் மாசு வந்து தள்ளுகிறது. 1975ல் கொள்கைகளை மாற்றினால் உலகம் நிலைபெறுகிறது. அதே மாற்றத்தை 2000ல் தொடங்கினால் பலிப்பதில்லை. என்னை உலுக்கியது இந்தக் கடைசி ஓட்டம். விளைவு தெரிய காலதாமதம் ஆகும் எந்த அமைப்பிலும், கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் போட்டால் வண்டி நிற்காது.

எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1971ல் ரியோ டி ஜெனிரோவில் முதல் முடிவுகளைக் காட்டியபோது தென் அமெரிக்க அறிஞர்கள் கோபப்பட்டார்கள். விருந்து சாப்பிட்டு எழுந்தவன் பசித்தவனுக்குப் பத்தியம் சொல்வதா? அர்ஜென்டினாவின் பரிலோச்சே அறக்கட்டளை, அமில்கார் எரேரா தலைமையில், எல்லாருடைய அடிப்படைத் தேவையையும் நிறைவு செய்வதை இலக்காக வைத்துத் தனி மாதிரியே செய்தது. பெச்சேய் வாழ்ந்து தொழில் செய்த அதே நாடு! அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 1974ல் சால்ஸ்பர்கில், ஆஸ்திரியப் பிரதமர் கிரைஸ்கியின் அழைப்பில், பணக்கார நாட்டுத் தலைவர்களையும் ஏழை நாட்டுத் தலைவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். உலகப் பொருளாதார ஒழுங்கையே மாற்றுவது எப்படி என்று டின்பெர்கன் தலைமையில் தயாரான அறிக்கை 1976ல் கிளப்பின் பெயரிலேயே வந்தது.

அவர் உழைப்பில் முளைத்த இன்னொன்று, அமெரிக்காவும் சோவியத்தும் சேர்ந்து 1972ல் தொடங்கிய ஐ.ஐ.ஏ.எஸ்.ஏ. ஆய்வு நிறுவனம். வியன்னாவுக்கு அருகே லக்சன்பர்க் மாளிகையில் இன்றும் நடக்கிறது. ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த இரு தரப்பு விஞ்ஞானிகளும் அங்கே ஒரே கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள்.

பெச்சேய் 1984 மார்ச் 14ல் ரோமில் காலமானார். கடைசி மணிநேரங்கள் வரை 'நூற்றாண்டின் முடிவுக்கான செயல்திட்டம்' என்றொரு கட்டுரையைச் சொல்லச் சொல்ல எழுத வைத்துக்கொண்டிருந்தார். 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய புருன்ட்லாண்ட் அறிக்கை வந்தது மூன்று வருடம் கழித்து, 1987ல்.

மாதிரியை எழுதியது மெடோஸ் குழு. பெச்சேய் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆலை முதலாளி, மாஸ்கோ அதிகாரி, எம்.ஐ.டி. பேராசிரியர் என்று யாரிடமும் அவரவர் பாஷையில் பேசி, சொந்தமில்லாத டிக்கெட்டைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். எங்கள் புராஜெக்டின் மூன்று வாரக் கோளாறும் அப்படித்தான் தீர்ந்தது. யாரும் சொல்லாமலே ஒரு ஜூனியர் பெண் நாலு டீமையும் ஓர் அறையில் உட்கார வைத்தாள். அன்று மதியமே விஷயம் முடிந்துவிட்டது.

உலகத்தின் டிக்கெட் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.